ரோபோகாப்பின் கையில் இருந்தது எந்தத் துப்பாக்கி?

1987 ஜூலையில் வெளியான ‘ரோபோகாப்’ படத்தில் வரும் முக்கியமான ஆயுதங்கள் எல்லாம் எதிர்காலத்துச் சாமான்கள் போலத்தான் இருக்கும். செத்தபின் இயந்திர மனிதனாக்கப்பட்ட போலீஸ்காரன்தான் நாயகன், அவனுடைய தொடைக்குள்ளிருந்து வெளியே வரும் நீண்ட கைத்துப்பாக்கி ஒன்று. ரவுடிக் கும்பல் நடுத்தெருவில் நின்று கடை கடையாகத் தகர்க்கிற பீரங்கி மாதிரியான ஆயுதம் இன்னொன்று. முதல் தடவை பார்ப்பவர்கள் இரண்டையும் ஸ்டூடியோவில் செய்த பொம்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டும் அப்போதே தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த நிஜத் துப்பாக்கிகள். மேலே ஒப்பனை ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒப்பனைக்கு அடியில் இருப்பது எது, அதை எந்தத் தடயங்களை வைத்து உறுதி செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். சாதாரண அதிரடிப் படம் என்றால் எனக்கும் இதில் பெரிய அக்கறை இருந்திருக்காது. ஆனால் இது ஒரு பகடிப் படம். எட் நியூமையரும் மைக்கேல் மைனரும் எழுதி, நெதர்லாந்துக்காரரான பால் வெர்ஹோவன் இயக்கியது. டெட்ராய்ட் நகரத்தின் போலீஸையே ஓசிபி என்ற ஒரு கம்பெனி நடத்துகிறது. செய்திக்கு நடுவே அணுகுண்டுப் போரைக் குடும்பமாக உட்கார்ந்து விளையாடும் பலகை விளையாட்டுக்கு விளம்பரம் வருகிறது. ஆயுதம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. அப்படியிருக்க, திரையில் தெரிகிற ஆயுதம் கற்பனையா, கடையில் கிடைத்ததா என்பது சின்ன விஷயம் இல்லை. கிடைத்தது என்றால், படம் காட்டும் எதிர்காலத்தில் பாதி அப்போதே சந்தைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

படப்பிடிப்பு 1986 ஆகஸ்டில் தொடங்கியது. கதை டெட்ராய்டில் நடந்தாலும் பெரும்பகுதி டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரத்தில் எடுக்கப்பட்டது. கடைசி மோதல் நடக்கும் இரும்பாலை பென்சில்வேனியாவின் மோனெசென் ஊரில் இருந்தது. இந்தத் தேதிதான் நமக்கு முதல் வடிகட்டி. 1986க்குப் பிறகு சந்தைக்கு வந்த எந்தத் துப்பாக்கியையும் யோசிக்காமலே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

எதை நம்புவது

திரையில் வரும் துப்பாக்கியை அடையாளம் காண இறங்குபவர்கள் முதலில் சறுக்குவது சத்தத்தில். ‘டட்டட்’ என்று கேட்டதே, அப்படியானால் மூன்று குண்டு பாயும் துப்பாக்கிதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சினிமாவில் துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒலிக்கூடத்தில் சேர்ப்பது. ஒரு கைத்துப்பாக்கிக்கு எந்திரத் துப்பாக்கியின் சத்தத்தை வைத்தால் கேட்க யாரும் இல்லை. அதனால் சத்தம் சாட்சி ஆகாது. வசனத்தில் வரும் பெயரும் அப்படித்தான், கதைக்குத் தேவையான பெயரை எழுத்தாளர் வைத்துக்கொள்வார். போஸ்டர், பொம்மை, ரசிகர்களுக்காகப் பிற்காலத்தில் விற்ற மாதிரிகள் ஆகியவை இன்னும் ஆபத்து. மாதிரி செய்தவர் தன் கையில் கிடைத்த வேறு உடலின் மேல் அந்த ஒப்பனையை ஏற்றியிருக்கலாம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு படத்தைப் பார்த்தால், படத்தில் இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே துப்பாக்கிக்குப் பல பிரதிகள் வைத்திருப்பது படப்பிடிப்புகளில் வழக்கம். வெற்றுத் தோட்டா (மருந்து மட்டும் இருக்கும், முனையில் குண்டு இருக்காது) வெடிக்கும் பிரதி ஒன்று, வெடிக்காத பிரதி ஒன்று, விழுந்து புரளும் காட்சிகளுக்கு ரப்பரில் ஒன்று. ஆகவே ‘படத்தில் வரும் துப்பாக்கி’ என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்தக் காட்சியில் எந்த ஷாட்டில் தெரிவது என்று பிரித்துச் சொல்வதுதான் சரி. அதிலும் உண்மையில் வெடிக்கும் ஷாட்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். வெளித்தோற்றத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் உள்ளே இயந்திரம் ஓட வேண்டுமென்றால் சில பாகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகமான ஸ்லைடு, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும் வழி, தோட்டாக்களை அடுக்கிய மேகசின் நுழையும் இடம், விரல் தொடும் நெம்புகோல்கள். ஒப்பனைக்காரர் கைவைக்கத் தயங்கும் இடங்கள் இவைதான். நாம் முதலில் பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான்.

ஆட்டோ 9

நாயகனின் கைத்துப்பாக்கியை ரசிகர்கள் ‘ஆட்டோ 9’ என்றுதான் சொல்வார்கள். பார்த்தவுடனே கண்ணைக் கவர்வது அதன் முன்பாதி. பெட்டி மாதிரி தட்டையான பக்கங்கள் கொண்ட நீண்ட நீட்சி, பக்கவாட்டில் வெட்டுகள், சுடும்போது அந்த வெட்டுகள் வழியே இரண்டு பக்கமும் தீ பீறிடும். பின்னால் உயரமான குறிபார்க்கும் தகடு ஒன்று. இந்த இரண்டையும் மனதால் கழற்றி வைத்துவிட வேண்டும். இவை தொழிற்சாலையில் பிறந்தவை இல்லை, பிற்பாடு ஏற்றியவை.

மிச்சம் இருப்பதைப் பாருங்கள். ஸ்லைடின் மேல்பகுதி மூடியில்லாமல் திறந்திருக்கிறது, உள்ளே குழல் அப்படியே தெரிகிறது. பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் ஸ்லைடு குழலை முழுக்கப் போர்த்தியிருக்கும், கூடு தெறிக்க ஒரு சின்ன ஜன்னல் மட்டும் இருக்கும். இப்படி நீளவாக்கில் திறந்து வைப்பது இத்தாலியின் பெரெட்டா கம்பெனியின் பழைய வழக்கம். இந்த ஒரு தடயத்திலேயே சந்தேகப் பட்டியல் பெரெட்டா 92 குடும்பம், அதன் வழியில் பிரேசிலில் செய்யப்பட்ட டாரஸ் பிடி92, பெரெட்டா 93ஆர் என்று சுருங்கிவிடுகிறது.

பலர் இந்த இடத்தில் நின்று ‘பெரெட்டா 92’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1985இல்தான் அமெரிக்க ராணுவம் பெரெட்டா 92எஃப் துப்பாக்கியை எம்9 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. அந்த வருடங்களில் வந்த அமெரிக்கப் படங்களில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். அது கண்ணுக்குப் பழகிவிட்டதால் 93ஆரைப் பார்த்தாலும் மனம் 92 என்றே படிக்கிறது. போதாததற்கு 93ஆரின் மிகப் பிரபலமான அடையாளம், அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக்கூட்டுக்கு முன்னால் கீழ்நோக்கி மடக்கி இறக்கும் உலோகப் பிடி, படத்துத் துப்பாக்கியில் இல்லை. அதைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம், ஆகவே 92தான் என்று முடிவு செய்வது எளிது.

நெம்புகோல்கள்தான் தீர்ப்புச் சொல்கின்றன. 92எஃப்பில் பாதுகாப்பு நெம்புகோல் ஸ்லைடின் பின்முனையிலேயே உட்கார்ந்திருக்கும், சுடும்போது அதுவும் ஸ்லைடோடு சேர்ந்து போய்வரும். 93ஆரில் ஸ்லைடின் பின்பகுதி வெறுமையாக இருக்கும். பாதுகாப்பு நெம்புகோல் கீழே சட்டகத்தில், அதாவது துப்பாக்கியின் நகராத உடலில், விசைக்குப் பின்னால். அது போக இடதுபக்கப் பிடிக்கு மேலே இன்னொரு நெம்புகோல் உண்டு. ஒரு வெள்ளைப் புள்ளிக்கு நேரே வைத்தால் ஒவ்வொன்றாகச் சுடும், மூன்று புள்ளிக்கு நேரே வைத்தால் ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு போகும். பழைய 92இலும் டாரஸிலும்கூட பாதுகாப்பு நெம்புகோல் சட்டகத்தில்தான் இருக்கும், அதனால் ‘ஸ்லைடில் ஒன்றும் இல்லையே’ என்பது மட்டும் போதாது. இந்த இரண்டாவது நெம்புகோல்தான் அவற்றிலிருந்து 93ஆரைப் பிரிக்கிறது. கூடவே விசைக்கூட்டின் முன்பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும், மடக்குப் பிடியைப் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்காகச் செய்த இடம் அது. 20 தோட்டா மேகசின் போட்டால் கைப்பிடிக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆட்டோ 9இன் அடிப்படை பெரெட்டா 93ஆர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று குண்டு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 93ஆர் நிமிடத்துக்குச் சுமார் 1100 குண்டு என்ற வேகத்தில் சுடும். நொடிக்குப் பதினெட்டுக்குக் கொஞ்சம் மேல். திரைப்படம் ஓடுவது நொடிக்கு 24 சட்டகம் (இங்கே சட்டகம் என்பது பிலிமில் பதியும் ஒவ்வொரு படம், துப்பாக்கியின் உடல் இல்லை). ஆகவே ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே ஒன்றேகால் சட்டகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்தான். முதல் குண்டிலிருந்து மூன்றாவது குண்டுவரை மூன்று சட்டகம்கூட ஆகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேமராவின் ஷட்டர் வழக்கமாக ஒவ்வொரு சட்டகத்திலும் பாதி நேரம் திறந்திருக்கும், பாதி நேரம் மூடியிருக்கும். துப்பாக்கி வாயில் வரும் வெடிப்பொளியோ கண் இமைப்பதற்குள் வந்து மறைந்துவிடும். ஷட்டர் மூடியிருக்கும் பாதியில் வெடித்தால் அந்த ஒளி பிலிமில் விழாது. அதனால் ஒரு தொடர் சுடுதலில் இரண்டே ஒளி தெரிந்தால் இரண்டு குண்டுதான் போயிற்று என்று எழுதக் கூடாது. ஒளியை எண்ணாமல் கூடுகளை எண்ணுங்கள். வெளியே தெறித்த வெற்றுக்கூடு பல சட்டகங்களுக்குக் காற்றிலேயே இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். ஸ்லைடு எத்தனை முறை பின்னால் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், வெற்றுத் தோட்டாவில் இயந்திரத்தின் வேகம் நிஜத் தோட்டாவில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, அந்த நீட்சி எதற்கு? முதல் காரணம் அளவு. நாயகனுக்கு முதலில் யோசித்தது டெசர்ட் ஈகிள் என்ற பெரிய கைத்துப்பாக்கி. சாதாரண மனிதன் கையில் அது ராட்சசத்தனமாகத் தெரியும். ராப் போட்டின் வடிவமைத்த அந்தக் கவசத்தை நாயகனாக நடித்த பீட்டர் வெல்லர் போட்டுக்கொண்டு நின்றபோது அதுவே சின்னதாகத் தெரிந்தது. அதனால் கவசத்துக்கு ஈடுகொடுக்கும் நீளத்தில் வேறு ஒன்று வேண்டியிருந்தது. இன்னொரு காரணத்தை இயந்திரமே சொல்கிறது. வெற்றுத் தோட்டாவில் முன்னால் தள்ள ஈயம் இல்லை, அதனால் உள்ளே அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் ஸ்லைடு பின்னால் போய் அடுத்த தோட்டாவை ஏற்றாது. இதற்காகச் சினிமாத் துப்பாக்கிகளின் குழலுக்குள் சின்னத் துளை மட்டும் உள்ள ஒரு அடைப்பைப் பொருத்துவார்கள். அப்படி அடைத்த குழலின் வாயைக் கேமராவுக்கு நேரே காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்னால் நீண்ட பெட்டி இருந்தால் அந்தக் கவலை இல்லை, வாயு பக்கவாட்டு வெட்டுகளில் வெளியேறிக் கண்ணைப் பறிக்கும் தீயாகவும் தெரியும். நிஜ 93ஆரின் குழல் நுனியிலும் சில வெட்டுகள் உண்டு. சுடும்போது துப்பாக்கி மேலே துள்ளாமல் இருக்க வாயுவை மேல்நோக்கி விடுவதற்காக வைத்தவை அவை. படத்து ஆயுதக் கலைஞர்கள் இருந்த ஒன்றைப் பெருக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்றே நான் பார்க்கிறேன், அதனால்தான் ஒப்பனை ஒட்டவைத்தது போல் துருத்தாமல் இயல்பாக உட்கார்கிறது.

தொடைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வரும் ஷாட்டையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கவசத்துக்குள் நடிகரின் தொடையே இருக்கும்போது அங்கே துப்பாக்கிக்கு இடம் கிடையாது. அந்த நெருக்கக் காட்சிகளுக்குத் தனியாக ஓர் இயந்திரக் கால் செய்தார்கள். அந்த ஷாட்டுகளில் தெரியும் துப்பாக்கியை வைத்து நெம்புகோல் ஆராய்ச்சி செய்வது பாதுகாப்பான வழி இல்லை. சுடும் பயிற்சிக் கூடத்துக் காட்சிக்குப் போங்கள்.

அந்தக் காட்சியைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். நாயகனின் பழைய பெயர் மர்ஃபி. அவன் உயிரோடு போலீஸ்காரனாக இருந்தபோது, மகன் ரசிக்கும் தொலைக்காட்சித் தொடரின் நாயகனைப் போலத் துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போடுவான். அவன் செத்து, இயந்திரமாகி, பெயர்கூட இல்லாமல் நிற்கும்போது, சுட்டு முடித்ததும் கை தானாக அதே மாதிரி சுழற்றுகிறது. கூட வேலை பார்த்த லூயிஸ் அதைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பது யார் என்று கண்டுகொள்கிறாள். முகம் போய்விட்டது, குரல் மாறிவிட்டது, கைப்பழக்கம் மட்டும் மாட்டிக்கொண்டது. மேலே என்ன ஒப்பனை ஏற்றினாலும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும் என்பதை இந்தப் படம் தன் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் ஸ்லைடையும் கூட்டையும் பார்த்துச் செய்யும் வேலையும் அதேதான்.

இத்தாலியத் துப்பாக்கி டல்லஸ் வந்த சூழல்

93ஆர் 1970களின் இறுதியில் இத்தாலியில் வந்தது. தீவிரவாதத் தாக்குதல்கள் மலிந்திருந்த காலம், காவல் படைகளின் சிறப்புப் பிரிவுகளை மனதில் வைத்துச் செய்த ஆயுதம். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஒரு அழுத்தலுக்கு ஒன்றுக்கு மேல் சுடும் எதுவும் எந்திரத் துப்பாக்கிதான், கைக்குள் அடங்கினாலும் சரி. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனிமனிதர் வைத்துக்கொள்வதற்காக இவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வழி இல்லை. 1986 மே 19 முதல் புதிதாகச் செய்யப்படும் எந்திரத் துப்பாக்கிகளையும் பொதுமக்கள் வாங்க முடியாதபடி ஆயிற்று. ரோபோகாப் படப்பிடிப்பு தொடங்கியது அதற்கு மூன்றே மாதத்துக்குள். ஆகவே இப்படிப்பட்ட துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரிகளிடமும் அரசாங்கப் படைகளிடமும்தான் இருக்க முடியும். 93ஆர் மற்றப் படங்களில் அரிதாகவே தெரிவதற்கு இந்தக் கெடுபிடியும் ஒரு காரணம். அரிதாகத் தெரிந்ததால்தான் பார்த்தவர்களுக்கு அது எதிர்காலத்து ஆயுதமாகப் பட்டது.

கின்னியின் கையில் கொடுத்தது

ஓசிபியின் கூட்ட அறை. கம்பெனியின் மேலதிகாரி டிக் ஜோன்ஸ் தன் இடி-209 என்ற ஆயுதம் தாங்கிய காவல் இயந்திரத்தை நிர்வாகிகளுக்குக் காட்டுகிறார். கின்னி என்ற இளம் ஊழியனிடம் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து, மிரட்டுவது மாதிரி நீட்டு என்கிறார்கள். அவன் நீட்டுகிறான். இயந்திரம் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லி 20 நொடி கெடு விதிக்கிறது. அவன் போட்டுவிடுகிறான். இயந்திரத்துக்கு அது தெரியவில்லை, எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது.

அந்தத் துப்பாக்கி டெசர்ட் ஈகிள். இதில் ஒப்பனை எதுவும் இல்லை, அதனால் வேலை சுலபம். குழல் உருண்டையாக இல்லாமல் முக்கோண வெட்டில் தடித்து இருக்கும், மேலே தட்டையான வரப்பு ஓடும். ஸ்லைடு குழலை மூடாமல் பின்பாதியில் மட்டும் நகரும். பாதுகாப்பு நெம்புகோல் ஸ்லைடின் இரண்டு பக்கமும். அமெரிக்காவின் மேக்னம் ரிசர்ச் கம்பெனியும் இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸும் சேர்ந்து கொண்டுவந்த துப்பாக்கி. மற்றக் கைத்துப்பாக்கிகள் போலப் பின்னுதைப்பால் ஓடாமல், ரைபிள் மாதிரி வெடிவாயுவால் ஓடுவது. சிலர் இதை ‘பாயிண்ட் 50 டெசர்ட் ஈகிள்’, அதாவது அரை அங்குலத் தோட்டா போடும் வகை, என்று எழுதுகிறார்கள். அந்த அளவு படம் வந்த பிறகுதான் சந்தைக்கு வந்தது, ஆகவே இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. முன்னால் சொன்ன தேதி வடிகட்டி இந்த மாதிரி இடங்களில்தான் கைகொடுக்கும்.

ஒரு மனிதன் கையில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத இயந்திரத்தின் முன்னால், அந்த நாளைய கடைகளில் கிடைத்த ஒரு நிஜத் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். கற்பனை ஆயுதம் ஒன்றைக் கொடுத்திருந்தால் இயந்திரம் குழம்பியதற்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். பிறகு ஜோன்ஸ் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள். ராணுவத்துக்கு விற்பனை உறுதியாகிவிட்டது, இருபத்தைந்து வருடத்துக்கு உதிரிபாக வியாபாரம், அது வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்கிறார். அந்தப் பையனின் சாவு அவர் கணக்கில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

கோப்ரா

ரவுடிக் கும்பலின் தலைவன் கிளாரன்ஸ் பாடிக்கர் ரோபோகாப்பை ஒழிக்கப் பெரிய ஆயுதம் வேண்டும், ராணுவச் சரக்கு கிடைக்குமா என்று ஜோன்ஸிடம் கேட்கிறான். கிட்டத்தட்ட நாங்களேதான் ராணுவம் என்று பதில் வருகிறது. அடுத்து போலீஸ் வேலைநிறுத்தம், ஊரே கொள்ளையில் கிடக்க, கும்பல் அந்த ஆயுதங்களைத் தெருவில் சோதித்துப் பார்க்கிறது. ஒரு தடவை விசையை அழுத்தினால் கடை முகப்பு சிதறுகிறது, கார் தீப்பந்தாகிறது. கோப்ரா தாக்குதல் பீரங்கி என்பது கதையில் அதற்குப் பெயர்.

ஒப்பனை பெரும்பாலும் மேலேதான். ஒரு பெரிய குறிபார்க்கும் கருவிப்பெட்டியை ஏற்றி, மின்னணுச் சாமான் என்ற தோற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணை அங்கிருந்து கீழே இறக்கினால் அடிப்படைத் துப்பாக்கி முழுசாகத் தெரிகிறது. நீளமான செவ்வகப் பெட்டி போன்ற உடல், மேல் கீழ் என்று இரண்டு தகட்டுப் பாகமாகச் செய்து சேர்த்தது. விசைக்கு முன்னால் அகலமான மேகசின். குழலும் உடலும் தோள்கட்டையும் ஒரே நேர்கோட்டில். ஆள் அதைத் தூக்கி நிற்கும் விதத்தையும் கவனியுங்கள், எடை பொய்யில்லை என்பது தோளில் தெரியும். இது பாரெட் எம்82, 12.7 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கி ரைபிள். எடை ஏறக்குறைய 14 கிலோ, மேகசினில் 10 தோட்டா. சுடும்போது குழலே உடலுக்குள் பின்னோக்கி நகர்ந்து அதிர்வில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும்.

இதன் கதை எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த பகுதி. ரானி பாரெட் டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோ ஊர்க்காரர், தொழிலில் புகைப்படக்காரர். 1982இல் ஒரு ரோந்துப் படகைப் படம் பிடிக்கப் போனார். அதில் பிரவுனிங் எம்2 எந்திரத் துப்பாக்கிகள் பொருத்தியிருந்தன. அந்தப் பெரிய தோட்டாவை ஒரு மனிதன் தோளில் வைத்துச் சுட முடியுமா என்ற யோசனை அங்கே பிறந்தது. துப்பாக்கி வடிவமைப்பில் முறையான படிப்பு எதுவும் அவருக்கு இல்லை. வரைந்து, உள்ளூர்ப் பட்டறை உதவியோடு செய்து பார்த்து, விற்க ஆரம்பித்தார். முதல் பெரிய ராணுவ விற்பனை 1989இல், ஸ்வீடனுக்கு 100 ரைபிள். அமெரிக்கப் படைகள் வாங்கியது 1990இல், வளைகுடாப் போருக்காக.

இந்தத் தேதிகளைப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். 1986இல் கேமரா முன்னால் இந்த ரைபிள் வந்தபோது எந்தப் பெரிய ராணுவமும் அதைக் கையில் எடுத்திருக்கவில்லை. செய்திப் படங்களில் வந்ததில்லை, போர்க்களப் புகைப்படத்தில் இல்லை. பார்வையாளனின் நினைவில் அதற்கு இடமே கிடையாது, அதனால் அது எதிர்காலத்து ஆயுதம் என்று நம்புவதில் அவனுக்குத் தடையே இருந்திருக்காது. மூன்று வருடத்துக்குள் அது நிஜமாகவே ராணுவச் சரக்கு ஆயிற்று. கதையில் கும்பல் அதைக் கேட்டபோது இருந்த வரிசையையே பாருங்கள், கம்பெனியிடமிருந்து ரவுடிக்கு. நிஜத்தில் அது முதலில் போனது தனியார் வாடிக்கையாளர்களுக்கு, பிறகுதான் ராணுவத்துக்கு. படம் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்து அந்த ரைபிளை எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிடங்கில் இருந்ததில் புதுசாகத் தெரிந்ததை எடுத்திருப்பார்கள். ஆனால் அதை அடையாளம் கண்ட பிறகு அந்தக் காட்சியை முன்பு பார்த்தது போலப் பார்க்க முடிவதில்லை.

பொய் எங்கே இருக்கிறது என்றால், விளைவில். 12.7 மில்லிமீட்டர் தோட்டா காரின் இன்ஜினைத் துளைக்கும், செங்கல் சுவரைத் தாண்டும். ஒரே குண்டில் கடையைத் தீப்பிழம்பாக்காது. அந்த வெடிப்புகள் எல்லாம் தெருவில் முன்கூட்டியே வைத்து வெடித்த சிறப்பு விளைவுகள். அதனால் ‘இவ்வளவு வெடிக்கிறதே, எறிகுண்டுத் துப்பாக்கியாக இருக்குமோ’ என்று விளைவைப் பார்த்து ஆயுதத்தை முடிவு செய்யக் கூடாது. கடைசியில் இரும்பாலையில் லூயிஸ் அதே கோப்ராவை எடுத்து, கிரேன் அறையில் இருக்கும் கும்பல்காரன் லியோனைச் சுடுகிறாள். அங்கும் அறையே வெடித்துச் சிதறுகிறது. துப்பாக்கி எம்82தான், வெடிப்பு சிறப்பு விளைவுக் குழுவினுடையது.

பட்டியலில் எப்படி எழுதுவது

இந்தப் படத்தின் ஆயுதங்களைப் பதிவு செய்பவர்கள் மூன்று விஷயத்தைப் பிரித்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. கதையில் அதன் பெயர், அடியில் இருக்கும் துப்பாக்கி, மேலே ஏற்றிய ஒப்பனை. ‘ஆட்டோ 9 என்பது பெரெட்டா’ என்று ஒரே மூச்சில் எழுதும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அடுத்து வருபவர் அந்த நீட்சியும் பெரெட்டாவின் தயாரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார், அதற்கு அடுத்தவர் அப்படி ஒரு மாடல் கடையில் கிடைக்குமா என்று தேடுகிறார். கோப்ராவுக்கும் இதே கதிதான். எந்தக் காட்சியை வைத்து முடிவு செய்தோம் என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டால், சந்தேகப்படுபவர் அந்த ஷாட்டை ஓட்டிப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளலாம்.

இடி-209 மட்டும் இந்தப் பட்டியலுக்குள் அடங்காது. அதன் கைகளில் இருக்கும் குழல்களுக்கும் நிஜத் துப்பாக்கியின் பெயரைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடமாடும் இடி-209, ஃபில் டிப்பெட்டின் குழு ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் படம் பிடித்த சிறிய உருவம். முழு அளவில் செய்த இன்னொன்று நின்ற இடத்தில் நிற்பது. கூடு தெறிக்க வழியில்லை, ஓடும் இயந்திரம் இல்லை. அதற்கு நேரே ‘அடிப்படைத் துப்பாக்கி’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும்.